கருணை அடிப்படையில்

படிவத்தின் தலைப்பே அதுதான்:
கருணை அடிப்படையில் முன்கூட்டியே விடுவிப்பு.
டூகல் உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தான்.
பதினெட்டு வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
பிறர் ரத்தம் தோய்ந்த விரிப்புகளை
உதறி, மடித்து, அடுக்கி
என் கூலியோடு ஒட்டி ஓரமாய் ஒதுங்கிய பணம்.
அதை எனக்கே தர
யாரோ ஒருவர் மனம் இரங்க வேண்டும்.

இரண்டு மருத்துவர்கள் கடிதம் தந்தார்கள்.
ஒருவர் என் கருக்குழாய்களைப் பற்றி நான்கு வரி,
மற்றவர் என் மனதைப் பற்றி ஆறு.
மனதுக்கு ஏன் இரண்டு வரி கூடுதல் என்று
லான்செஸ்டன் போகும் வழியெல்லாம்
யோசித்துக்கொண்டிருந்தேன்.

பணம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
வரி போக மீதி.
பர்னி துறைமுகத்தில் மரச்சில்லுக் குன்றின் மேல்
மழை விட்டு ஆவி எழுந்துகொண்டிருந்தது.
டூகல் அங்கேதான் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறான்.
சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான்.
"வந்துச்சா?"
"வந்துச்சு."
அதற்குமேல் இருவருக்கும் பேச்சு எழவில்லை,
பங்கு பிரிக்குமுன்
திருடர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி.

யாரிடம் திருடினோம்?
அவளை எனக்குத் தெரியும்.
வயது அறுபத்தேழு.
என் முட்டிதான் அவளுக்கும், இன்னும் மோசமாக.
வீட்டு வாடகை ஏறிவிட்டது,
கடைவாய்ப் பல் ஒன்று கட்ட வேண்டும்,
ஹீட்டரை எத்தனை மணிக்கு அணைக்கலாமென்று
கம்பளிக்குள்ளிருந்து கடிகாரம் பார்க்கிறாள்.
அவள் பெட்டியைத் திறந்துதான் எடுத்தோம்.
கைமாற்று என்று சொல்லிக்கொண்டேன்.
கைமாற்றுக்கு இரண்டு கை வேண்டும்.
அவள் கை இன்னும் முளைக்கவே இல்லை.

ஊசி மருந்து ஃப்ரிட்ஜில்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
இரவு எட்டு மணி. தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
அளவைத் திருகும்போது டூகலின் உதடு அசையும்.
அவன் எண்ணுவது மருந்தையா டாலரையா,
நான் கேட்டதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்துதான் போட்டோம்.
பதினொரு முட்டை.
முதிர்ந்தவை ஏழு.
கரு நான்கு.
ஐந்தாம் நாள் தொலைபேசியில் ஒரு பெண்
தக்காளி விலை சொல்வதுபோல் சொன்னாள்:
இரண்டு.

முதலாவது ஒன்பது நாள் இருந்தது.
அந்த ஒன்பது நாளும்
ஈரத்துணி மூட்டைகளில் என் பங்கையும் சேர்த்து
நெரிடா தூக்கினாள், காரணம் கேட்காமல்.
பத்தாம் நாள் நானே மூட்டையை இழுத்ததைப் பார்த்தாள்.
அப்போதும் கேட்கவில்லை.
இயந்திரத்தை மட்டும்
ஒரு சுற்று அதிகம் ஓடவிட்டாள்,
சத்தத்துக்காக.

இரண்டாவது உறைகலத்தில் இருக்கிறது.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்கு வாடகை.
நாங்கள் பாக்கி வைக்காத
ஒரே வாடகை.

நேற்று ஓய்வுக்கால நிதியிலிருந்து ஆண்டுக் கடிதம்.
வழவழத் தாளில் பாய்மரப் படகு,
அதில் ஒரு முதிய தம்பதி, அத்தனையும் சொந்தப் பல்.
கீழே என் இருப்பு:
பழைய கார் ஒன்று வாங்கலாம், டயர் இல்லாமல்.
மறுபக்கம் ஒரு கட்டம்:
உங்களுக்குப் பின் இத்தொகை யாருக்கு? உறவுமுறை?
டூகல் பெயரை எழுதினேன். கணவர்.
அதற்குக் கீழே இன்னொரு வரி காலியாக.
அவன் பேனாவை வாங்கினான்,
மூடியைக் கழற்றினான், மாட்டினான்.
"தபால்தலை ஒட்ட வேண்டாமாம்" என்றான்.

இருட்டியபின் கடற்கரைக்கு நடந்தோம்.
குட்டிப் பென்குயின்கள் கரையேறும் நேரம்.
சிவப்பு விளக்குதான் அடிக்கலாம், அதுவும் தரையில்.
கூட்டம் கடந்து போனபின்
ஒன்று மட்டும் தண்ணீரோரம் நின்றது.
இரை நிரம்பிய வயிறு.
எந்த வளைக்கென்று தெரியாததுபோல்
இங்கும் அங்கும் திரும்பியது.
டூகல் விளக்கை அணைத்தான்.

"எழுபத்திரண்டு வரைக்கும் வேலை பார்த்தா?"
இருட்டிலிருந்து கேட்டான்.
"பார்க்கலாம்" என்றேன்,
அவளை ஒரு வார்த்தை கேட்காமலே.