ஐந்து வேலிக்கு ஒரு மணி

வெள்ளி அரைஞாண், செல்போன், மதகுச் சாவி.
காந்த அறைக்குள் இரும்பு ஆகாது என்றேன்.
மற்றதெல்லாம் உடனே வந்தது,
சாவியை மட்டும் தயங்கித் தயங்கித் தந்தார் பக்கிரிசாமி.
பாண்டவையாற்றில் பதினோரு ஷட்டருக்கு அவர்தான் லஸ்கர்.
முப்பது வருஷம் சக்கரம் சுற்றி இடுப்பில் இறங்கிய வலி
இடது கால் பெருவிரல் வரை பாய்கிறதாம்;
கடைமடைக்குத் தண்ணீர்கூட
அப்படிப் பாய்ந்ததில்லையாம்.

திருவாரூர், விளமல் சாலை, இரவு பத்தே முக்கால்.
காதில் பஞ்சு.
கையில் ரப்பர் குமிழ், பயமாயிருந்தால் அமுக்குங்கள்.
கட்டில் உள்ளே போகிறது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
எனக்கு வேண்டியது அவர் எலும்பில்லை,
அவருக்குள் இருக்கும் தண்ணீர்.
தண்ணீரிலும் ஆக்சிஜன் வேண்டாம்.
எட்டு புரோட்டான், எட்டு நியூட்ரான் என்று
ஜோடி ஜோடியாய்க் கணக்குத் தீர்த்து உட்கார்ந்த
பெரிய வீடு அது,
கூப்பிட்டால் திரும்பாது.
ஹைட்ரஜன் போதும்.
நியூட்ரான்கூடச் சேராத ஒற்றைக் கட்டை.
உள்ளே ஒரு புரோட்டான், வெளியே ஓர் எலக்ட்ரான்.
அந்த எலக்ட்ரானிலும் ஆக்சிஜனுக்குப் பங்கு எழுதியாயிற்று.

அதன் வீட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.
புரோட்டானை ஒரு நெல்மணி என்று வையுங்கள்:
சுற்றிலும் ஐந்து வேலி நிலம்,
நட்டநடுவில் அந்த ஒரு மணி.
விதைப்பு இல்லை, நடவு இல்லை, கோரைகூட இல்லை.
வரப்போரம் எலக்ட்ரான்.
ஓரம் என்பதும் சும்மா சொல்வதுதான்;
மார்கழிப் பனி இறங்கின மாதிரி
வயல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் அது.
இங்கே என்று விரல் வைக்க முடியாது.
சர்வேயர் கல் நட முடியாத பட்டா.
மணியை உரித்தால் உள்ளே மூன்று குவார்க்குகளாம்.
அது பூட்டிய அறை,
என் மெஷினுக்கு அங்கே வேலையில்லை.

இத்தனை தரிசையும் அடுக்கினால்தான் ஒரு பக்கிரிசாமி.
எண்பத்து நாலு கிலோ.
கட்டில் கிறீச்சிடுகிறது.

காந்தத்துக்குள் புரோட்டான்கள் கட்சி பிரிகின்றன,
பாதி இப்படி, பாதி அப்படி.
பத்து லட்சத்துக்கு நாலைந்துதான் கூடுதல்.
அஞ்சு ஓட்டில் ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி
அந்த நாலைந்துதான் எனக்குப் படம் வரைகின்றன.
நொடிக்கு ஆறு கோடி முறைக்கு மேல் தலை சுற்றுகிறவற்றை
அதே தாளத்தில் ஒரு ரேடியோ அலை தட்டுகிறது.
சாய்கின்றன.
அலையை நிறுத்துகிறேன்.
நிமிர்கின்றன,
நிமிரும்போது லேசாக முனகுகின்றன.
முனகலை ஒட்டுக்கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

திரையில் முதுகெலும்பு, பக்கவாட்டில்.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒவ்வொரு தட்டும்
ஈரமாய், வெளிச்சமாய்.
நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே மட்டும் கறுப்பு.
அங்கே பதில் சொல்லப் போதுமான தண்ணீர் இல்லை.
ஊருக்கெல்லாம் முறை வைத்துப் பிரித்தவர்
தன் இடுப்பில் ஒரு துண்டை விட்டுவிட்டார்.
இதை நான் சொல்லக்கூடாது.
ரிப்போர்ட் டாக்டர் தருவார், நாளைக்கு நாலு மணிக்கு.

"துருப்பிடிச்ச ஷட்டரைத் தூக்குற சத்தம்" என்றார் எழுந்து உட்கார்ந்து.
"உள்ள என்னதாம்மா பண்ணினே?"
உங்க உடம்புத் தண்ணியைக் கொஞ்சம் சாய்ச்சேன் சார்,
அதுவா திரும்பி நிமிர்ந்துக்கிச்சு.
பஞ்சை எடுத்தபடி யோசித்தார்.
"தேவலையே.
நான் விட்டது எதுவும் திரும்புனதில்ல."

போய்விட்டார்.
அடுத்த ஆளுக்குக் கட்டிலைத் துடைக்கிறேன்.
தட்டில் மதகுச் சாவி.
வாசலில் மொபெட் உறுமி, அணைந்து,
மறுபடி
செருப்புச் சத்தம்.