செவிட்டுத் திசை

இரவு ஏழு மணிக்கு அது தொடங்கும்.
ஈர விறகு எரிவதுபோல் ஒரு சடசடப்பு.
சிகாகோவின் நடன இசை, டெட்ராய்ட்டின் கோதுமை விலை,
எல்லாம் அதில் பொசுங்கிப்போகும்.

"உன் மோர்ஸ் சாவிதான்" என்றார் ட்ரெலோர்,
தபால் நிலையத்தில், எல்லார் முன்னும்.
சாவியை நான் தொட்டு மூன்று வாரம்.
வால்வு கருகிவிட்டது, புதிதுக்குக் காசில்லை.
யார் நம்புவார்?

ஆப்பிள் பெட்டிப் பலகை இரண்டு, குறுக்காக.
பருத்தி நூல் போர்த்த செம்புக் கம்பி
பதின்மூன்று சுற்று சுற்றி, இரண்டை அவிழ்த்தேன்.
எங்கள் மிச்சிகன் சுரங்கத்துச் செம்பாகவே இருக்கலாம்.
பேட்டரிகளை அக்காவின் குழந்தைவண்டியில் கிடத்தி
போர்வை போர்த்தி
பனியில் தள்ளிக்கொண்டு போனேன்.
"யார் ஜாடை?" என்று குனிந்த திருமதி பாஸ்கோ
அமில நெடியில் நிமிர்ந்தாள்.

கம்பி வளையத்துக்கு ஒரு குணம்.
விளிம்பைக் காட்டினால் கேட்கும்,
முகத்தைக் காட்டினால் செவிடு.
சத்தம் பெருகும் இடம் வழுக்கும்;
சத்தம் சாகும் இடம்தான் ஊசிமுனை.
முன்னாலா பின்னாலா என்று மட்டும் சொல்லாது.
மாதாகோவில் முனையில் ஒரு கோடு,
சுரங்க வாசலில் ஒரு கோடு.
இரண்டும் வெட்டிக்கொண்டது
கொர்ப்பி வீட்டுச் சமையலறையில்.

திரை முழுதாய் மூடவில்லை.
ஊதா வெளிச்சம்.
ஹில்யா ஒரு கண்ணாடிக் குழலை
வைனோவின் பாதத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.
ஆகஸ்டில் பாறை விழுந்ததிலிருந்து
அவனுக்குச் சொந்தமில்லாத பாதங்கள்.
குழல் தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாய் மின்னல்.
நிமிர்ந்து ஏதோ கேட்டாள்.
இல்லையென்று தலையசைத்தான்.
அடுத்த விரலுக்குப் போனாள்.

என் காதில் ஒன்றுமே இல்லை.
வளையம் அவர்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிடிபடவில்லை" என்றேன் ட்ரெலோரிடம்.
"உமக்கும் ஒன்று செய்து தருகிறேன்,
பலகைக்கு மட்டும் காசு கொடும்."

ஏப்ரலுக்குள் ஒன்பது வீட்டில் வளையம்.
ஏழடித்ததும் ஆளுக்கொரு திருப்பு.
ஊரின் ஒன்பது மூலையிலிருந்தும்
அந்தச் சமையலறைக்கு முகம் கொடுத்தபடி
இசை கேட்கிறார்கள்.
ஏன் அந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

நான் மட்டும் சில இரவு
என்னுடையதைக் கட்டைவிரல் அகலம் விலக்கி வைப்பேன்.
சடசடப்பு. ஒரு நிறுத்தம். சடசடப்பு.
அந்த நிறுத்தம் அவள் கேட்கும் நேரம்.

நேற்று, நாலாவது விரலோ ஐந்தாவதோ,
நிறுத்தம் நீண்டது.
ஹெட்போனைக் கழற்றாமல்
உட்கார்ந்திருந்தேன்.