வரவேற்புரையை நீட்டச் சொன்னார்கள்

புரொஜெக்டர் நீலமாகவே நிற்கிறது.
'சிக்னல் இல்லை' என்கிறது சுவர்.
முதல் வரிசையிலிருந்து முதல்வர்
இரண்டு விரலால் காற்றில் ஜவ்வு இழுக்கிறார்:
இன்னும் கொஞ்சம் நீட்டு.

சரி.
இன்றைய சிறப்பு விருந்தினர்
முனைவர் ஹெப்சிபா எபனேசர்.
காட்பாடி ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர்.
உயர்கல்வித் தொழில்நுட்பத்தில் பத்தொன்பது ஆண்டு.
அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கம் அனுப்பியிருந்தார்கள்,
ஒன்றரைப் பக்கம் பட்டங்களே.
வாசித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.
குடியாத்தத்துப் பங்குனி வெயில்;
மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் காது.

ஆகவே தாளை மடித்துவிட்டு
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதிய வருடம்
மோர்தானாப் பக்கத்து முனிலட்சுமி
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து
காஸ்டிங் பேப்பர் எழுதினாள்.
தொண்ணூற்றேழு சதவீதம் போய்
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பிறகு திரை சொன்னது: நேரம் முடிந்தது.
பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
'வரவில்லை'.
அவ்வளவு உயரம் ஏறியவள்
வரவில்லையாம்.

அந்தச் செயலியின் அடியில்
பொடி எழுத்தில் ஒரு முகவரி இருந்தது.
ராத்திரி பதினொன்றரைக்கு எழுதினேன்.
'ஏசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு' என்று ஆரம்பம்.
மீதியை மேடையில் சொல்ல முடியாது.

ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது.
மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை,
ஒரே ஒரு கேள்வி:
"தொட்டிக்கு எத்தனை படி?"

எனக்குத் தெரியவில்லை.
இரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்,
வருகைப் பதிவு ஒருநாள் தவறியதில்லை.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரமே வந்து இறங்கினார்.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறினார்.
இருபத்தெட்டு. அதில் மூன்று உடைசல்.
மேலே ஒரு மணி நேரம் போனைத் தூக்கிப்பிடித்து
எதையோ குறித்தார்.
இறங்கும்போது துப்பட்டா முழுக்கத் துரு.

இப்போது நீங்கள் எழுதும் விடை
சிக்னல் போனாலும் போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே,
டவர் கிடைத்ததும் தானே கிளம்புகிறதே,
அது அந்தப் படிகளில் இறங்கி வந்தது.
மறுதேர்வில் முனிலட்சுமிக்கு அறுபத்தொன்று.
இந்த இரண்டு பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

பின் வரிசையில் ஒரு கை:
"மேடம், அவங்க எங்கே?"

நாற்காலி காலிதான்.
சால்வை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.
ஆனால் மேசைத்துணி அசைகிறது பாருங்கள்,
வயரைப் பல்லில் கடித்தபடி
அடியில் ஒருவர் தவழ்கிறாரே,
அவர்தான்.

கைதட்டுங்கள்.
கொஞ்சம் மெதுவாக.
சட்டென்று நிமிர்ந்தால்
தலை இடிக்கும்.