இடது பை

முழங்கால் இரண்டும் போய்விட்டன.
எனக்கல்ல, ஜீன்ஸுக்கு.
ஆத்தங்குடிப் பட்டறையில் நாலு வருடம்
குந்தியும் மண்டியிட்டும் கல் ஊற்றியதில்.
ஒரு தொடையில் பச்சை ஆக்சைடு, மறு தொடையில் காவி,
எந்தச் சோப்புக்கும் மசியாத தேசப்படம்.

"தூக்கிப் போடேன்" என்றான் அடைக்கலம்.
மனசில்லை.
பாண்டிமீனா கல்யாணத்துக்கு முன்
திருப்பூரிலிருந்து அனுப்பியது.

அவள் அங்கே இடது பை தைக்கிறாள்.
இடது பை மட்டும்.
ஷிப்டுக்கு அறுநூறு, சமயத்தில் எழுநூறு.
வலது பைக்கு வேறொருத்தி, ஜிப்புக்கு இன்னொருத்தி.
ஆறு வருடத்தில் முழு ஜீன்ஸ் ஒன்றை
மடியில் வைத்துப் பார்த்ததில்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை.
மீன் வெட்டும் கத்திரிதான் அகப்பட்டது.
வலது காலை வெட்டினேன், இடது காலை வெட்டினேன்.
போட்டுப் பார்த்தால்
வலது ஒரு விரற்கடை நீளம்.
வலதைக் குறைத்தேன். இப்போது இடது.
இட்லி மிஞ்சினால் சட்னி,
சட்னி மிஞ்சினால் இட்லி என்று போகுமே,
அந்தக் கணக்கு.
முழங்காலில் தொடங்கியது
தொடையேறிக்கொண்டே போயிற்று.
வீடியோ காலில் கத்தினாள்:
"நிறுத்துங்க! இன்னும் ரெண்டு வெட்டு வெட்டுனா
அது கோமணம்."

பிறகு பாடம்.
"உள்பக்கத்த வெளிய புரட்டுங்க.
அரை இஞ்சு மடிங்க.
நல்ல பக்கத்தப் பாக்காமத்தான் தைக்கணும்."

எனக்கா புதிது?
கல்லும் அப்படித்தான்.
பூ கண்ணாடியில் முகம் பதித்துக் குப்புறக் கிடக்கும்,
சிமெண்டும் மணலும் அதன் முதுகில் விழும்.
இறுகி, தொட்டித் தண்ணீரில் ஊறி,
கண்ணாடி கழன்று வரும்வரை
முகம் எப்படியென்று
ஊற்றியவனுக்கே தெரியாது.

காரைக்குடிச் சந்தையில் பாசிமணி பத்து ரூபாய்.
தையற்கடை வாசலில் கூட்டித் தள்ளியிருந்த
கண்டாங்கித் துண்டு சும்மா கிடைத்தது,
மிளகாய்ச் சிவப்பில் மஞ்சள் கட்டம்.
அதை விளிம்பில் சுற்றினேன்.
ஊசி மூன்று முறை நகக்கண்ணுக்குள் போனது.
முதலாளிக்குத் தெரியாமல் எடுத்து வந்த பூ அச்சை
பின்பக்கம் இடது பைமேல் வைத்துச்
சாயம் ஊற்றினேன்.
எட்டிதழில் ஆறு வந்தது.

"உன் பையில் என் பூ" என்றேன் போனில்.
கொஞ்சம் சினிமாவாகத்தான் இருந்தது.
"பட்டனக் கிட்ட காட்டுங்க" என்றாள்.
காட்டினேன்.
"இந்தக் கம்பெனி நாங்க தைக்கிறதே இல்ல.
பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்குனது,
நூத்தம்பது ரூவா."

போகட்டும்.
அதுவும் யாரோ ஒருத்தியின் ஷிப்டில்
ஏதோ ஒரு மணி நேரத்து இடது பை.

சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்தாள்.
காதில் இன்னும் பஞ்சுத் தூசி.
சாப்பிடக்கூட இல்லை.
அதை மடியில் போட்டு, புரட்டி,
தையலை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தாள்.
அரைக்கால்தான் என்றாலும்
முழுசாக ஒன்று.
நான் கை கட்டி நின்றேன், செக்கிங் லைனில் நிற்பதுபோல.

பர்ஸைத் திறந்தாள்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள்,
கம்பெனியில் பழுதைக் காட்ட ஒட்டுவது.
கோணல் விளிம்பில் ஒன்று.
விட்டுப்போன தையலில் இரண்டு.
தொங்கும் பாசியில், மூளி இதழ்களில்,
நூல் முடிச்சில், இன்னும் எங்கெங்கோ.
மொத்தம் ஒன்பது.
"ரிஜெக்ட்" என்று சிரித்தாள்.
சிரிப்பு விக்கலாகித் தண்ணீர் குடித்தாள்.

"போட்டுக் காட்டுங்க."

போட்டேன்.
மாடியில்லாத வீட்டில் நாலடி நடந்தேன்.
திரும்பச் சொன்னாள், திரும்பினேன்.
சிரிப்பு நின்றது.
குனிந்து
என் வலது முழங்காலின் கறுத்த காய்ப்பில்
பத்தாவது அம்பை ஒட்டினாள்.

மறுநாள் அப்படியே கறிக்கடைக்குப் போனேன்.
அரைக்கிலோ நிறுத்தவன்
அதைத்தான் முதலில் கேட்டான்.