இரண்டரை நட்சத்திரம்

அக்டோபர் ஒன்று. யீஷூன், பதினோராம் மாடி.
வேலைச் சட்டையைக் கழற்றாமலே
முதல் பேயைப் போட்டேன்.

நாளுக்கு ஒன்று, ஹாலோவீன் வரைக்கும்.
மின்தூக்கிப் பராமரிப்புப் படிவங்களின் பின்பக்கம்
மதிப்புரை எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டுகிறேன்.
வாசகர் ஒருவரே.
இரவுவேலை முடிந்து ஏழரைக்கு வருவாள் தமயந்தி.
ஏழுக்கே நான் போயிருப்பேன்.
இறந்தவர் கண்களை மூடிவிடுகிற கை அவளுக்கு;
படத்தில் ஒரு கதவு கிரீச்சிட்டால் போதும்,
தலையணைக்குள் போய்விடுவாள்.
ஆகவே பார்ப்பது நான், படிப்பது அவள்.

"மூன்று. வீடு பழையது, பேய் புதிது.
குடிவந்தவர்கள் ஏன் விளக்கே போடுவதில்லை?
மின்கட்டணம் அவ்வளவா?
இரண்டு நட்சத்திரம்."

"ஏழு. வாழைமரத்தடியில் பொந்தியானாக்.
எதிர்வீட்டு ரோஸ்னா சொல்லியிருக்கிறார்:
அழுகை மெதுவாகக் கேட்டால்தான் அது பக்கத்தில்.
இங்கே காதுக்குள் வந்து கத்துகிறது.
இயக்குநர் வீட்டுப்பாடம் செய்யவில்லை. ஒன்று."

"பதினொன்று. கம்பி அறுந்து மின்தூக்கி விழுகிறது!
இருப்பது ஆறு கம்பி, ஐயா.
எல்லாம் போனாலும் கவ்விப் பிடிக்க
அடியில் தாடை உண்டு.
ஒருநாள் என்னோடு குழிக்குள் இறங்கி வாருங்கள்.
அங்கே விழுபவை சாவிகள், ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை ஒரு பல்செட்.
அரை."

அதன்கீழ் சிவப்பு மையில் அவள்:
அரையே அதிகம்.

"பத்தொன்பது. இதில் ஒன்றுமே நடப்பதில்லை.
தனியாக வாழ்கிற ஒருத்தி வீடு திரும்புகிறாள்.
மேசையில் இரண்டு தட்டு.
ஒன்று இன்னும் ஈரம்.
எழுந்துபோய் நம் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.
நாலரை."

உன்னுடையதைக் கழுவி வை
என்றது சிவப்பு மை.

இருபத்திரண்டாம் நாள் மதிப்புரைக்குப் பதிலில்லை.
ஓரத்தில் மட்டும், சாய்வாக:
பதினாலாம் படுக்கை, விடியற்காலை நாலு மணி.
ஜன்னலைத் திற என்றார்.
திறக்க முடியாத ஜன்னல்.
திறந்ததுபோல் நடித்தேன், காற்று நல்லா இருக்கு என்றார்.

அதற்கு நட்சத்திரம் போட எனக்குக் கை வரவில்லை.
அன்று படமும் பார்க்கவில்லை.
கணக்கில் ஒரு பேய் குறைந்தது.

பேரங்காடியில் பூசணிக்குப் பக்கத்தில் முறுக்கு டப்பா.
இந்த ஆண்டு தீபாவளியும் முப்பத்தொன்றேதான்.
பிளாஸ்டிக் மண்டையோடும் அகல்விளக்கும்
ஒரே தள்ளுவண்டியில் உரசிக்கொண்டு போக
காசாளர் இரண்டையும் ஒரே பையில் போட்டார்.

முப்பதாம் தேதி இரவு அழைப்பு வந்தது.
அங் மோ கியோ, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே பெட்டி.
ஏழாம் மாடிக் கதவைத் திறந்து, குப்புறப் படுத்து,
இடுக்கு வழியாகத் தலையை உள்ளே விட்டேன்.
தலைகீழ் முகம், கன்னமெல்லாம் கிரீஸ்,
நெற்றியில் ஒற்றைக் கண்ணாய் விளக்கு.

கீழே எட்டு வயதுச் சூனியக்காரி,
கையில் மிட்டாய் வாளி.
அப்படி ஓர் அலறலை
இந்த மாதம் எந்தப் படத்திலும் கேட்கவில்லை.
தூக்கி வெளியே விட்ட பிறகு
தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டது:
"அங்கிள், இது வேஷமா?"
"வேலை" என்றேன்.
கொஞ்சம் யோசித்து, ஒரு மிட்டாய் தந்தது.

முப்பத்தொன்று. இருவருக்கும் விடுமுறை.
எண்ணெய்க் குளியலின் சொக்கல் இன்னும் கண்ணில்.
"போடு, இன்றைக்கு நானும் பார்க்கிறேன்"
என்று தலையணையோடு வந்து உட்கார்ந்தாள்.

எந்தப் படம் என்பது நினைவில்லை.
காலையில் ஃபிரிட்ஜ் கதவில்
முழுப் படிவமும் சிவப்பு:

"பதினைந்தாம் நிமிடமே நீ குறட்டை.
மீதி நேரம் பேயோடு நான் தனியாக.
இரவுவேலைதானே, பழகியதுதான்.
பாவம், அதற்கும் தூக்கமில்லை.
கடைசியில் கண்ணை மூடிவிட்டேன்.
இரண்டரை.
தட்டு இன்னும் கழுவவில்லை."