கையிருப்பு

கணக்கு நோட்டை என் கையில் திணித்தபோது
"நீதானே ஹார்பரில் டேலி கிளார்க்கு,
கூட்டிப் பாரேன்" என்றார்கள்.
கூட்ட ஒன்றுமில்லை.
கழிக்கத்தான் இருந்தது.

டயோசிஸுக்கு மூன்று வருடப் பாக்கி.
மின்வாரியத்துக்கு இரண்டு பில்.
கோயில்பிள்ளை சற்குணத்துக்கு ஐந்து மாதச் சம்பளம்.
அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை,
மணியை மட்டும் கொஞ்சம் தாமதமாக அடித்தார்.

பழைய பொருளாளரின் கையெழுத்து அழகு.
பக்கத்துக்குப் பக்கம் அடியில் இரட்டைக் கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.
திருடினார் என்று சொல்ல மாட்டேன்.
ஒரு பள்ளத்தை மூட
இன்னொரு இடத்தில் பள்ளம் தோண்டினார்.
அப்புறம் ஆவடிப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்.

வெள்ளிப் பாத்திரத்தை அடகு வைத்தது அவரல்ல.
நாங்கள். கமிட்டித் தீர்மானம் எண் ஏழு.
எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து.
ஆயர் ஐயா ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை,
ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.
கடைக்காரர் தராசில் வைத்தார்:
அறுநூற்று நாற்பது கிராம்.
"உள்ளே கறை இருக்கே."
எத்தனை வருடத்துத் திராட்சைரசம் என்று
நான் விளக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெமிமா
ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள்.
"புதுசுதான். ஒரு தடவைகூட எடுக்கல."
பீடத்தில் வைத்த பிறகுதான் பார்த்தேன்.
விளிம்புக்குக் கீழே புள்ளி குத்திய எழுத்து:
தே. ஜெமிமா நிச்சயதார்த்தம் 11-9-94.
அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பது
கொருக்குப்பேட்டைக்கே தெரியும்.
பதினான்கு மாதம், முழங்காலிட்ட எல்லோரும்
குடிக்கும் முன் அதை வாசித்தோம்.

வேலை எப்படித் தொடங்கியது என்று
சரியாகச் சொல்ல வரவில்லை.
கூரை ஒழுகியது, வாளி வைத்தோம்.
வாளிகள் தீர்ந்ததும் ஏணி வைத்தோம்.
காசிமேட்டில் விசைப்படகுக்குப் பெயின்ட் அடிக்கும் அப்சலோம்
மிச்ச டப்பாக்களோடு வந்து
கதவு ஜன்னல் எல்லாவற்றையும்
படகு நீலத்தில் முக்கி எடுத்தான்.
"கோயிலா இன்னா இது,
கடல்ல தள்ளிடலாம் போல கீது" என்று அவனே சிரித்தான்.
ரிட்டையரான ரூபாவதி டீச்சர்
போனில் பார்த்து வயரிங் கற்றுக்கொண்டார்.
ஷாக் அடித்ததும் ஸ்தோத்திரம் என்று கத்தினார்,
கீழே ஏணி பிடித்திருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.

சனிக்கிழமைகளில் பெண்கள் சங்கம் இறால் ஊறுகாய் போட்டது.
பாட்டிலில் வசனம் ஒட்டுவதா வேண்டாமா என்று
இரண்டு வாரம் சண்டை.
விலை மட்டும் ஒட்டினோம். நூற்றிருபது.
ஆராதனையில் சாம்பிராணியே இல்லாத எங்கள் கோயிலில்
பூண்டு வாசம் ஞாயிறு வரை நின்றது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சுரைக்காய்.
எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம்,
அவரும் திருப்பிக் கொடுக்க, மறுபடி.
ஒன்பது கை மாறி
பதினோராயிரத்து முன்னூறு சேர்ந்தபோது
சற்குணம் எழுந்து முந்நூறு என்றார்.
அவருக்குப் பாக்கிச் சம்பளம் வந்தது அந்த வாரம்தான்.
திருப்பித் தருவார் என்று மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தோம்.
வீட்டுக்கு எடுத்துப் போய்க்
கூட்டு வைத்துவிட்டார்.

வெள்ளியை மீட்ட நாளில் மழை.
ஆயர் ஐயா அதை ஹெல்மெட்டுக்குள் வைத்து
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்,
தலை நனைய.
ஜெமிமா டம்ளரைக் கழுவித் துடைத்துக்
கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.
இனி அதில் தினமும் காபி குடிப்பேன் என்றாள்.
அடுத்த ஞாயிறு முழங்காலில்,
பழக்கத்தில், வெள்ளி விளிம்புக்குக் கீழே
எழுத்தைத் தேடினேன்.
வழவழவென்று இருந்தது.

மார்ச் முப்பத்தொன்று.
கையிருப்பு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு
இரட்டைக் கோடு போட்டேன், ஸ்கேல் இல்லாமல்.
கொஞ்சம் கோணல்.
இரவு பத்து மணிக்குச் சற்குணம் போன் செய்தார்:
தண்ணீர் மோட்டார் புகைகிறதாம்.