பெட்டி வாடகை

போனில் நான் முதலில் கேட்பது
யார் இறந்தது என்றில்லை.
யார் வரவேண்டியிருக்கிறது என்றுதான்.

ஞானஒளிவுபுரத்தில் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறேன்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பால்பாயிண்டால் எழுதிய பட்டியல் ஒன்று உண்டு:
சிங்கப்பூர், காலையில் ஏறினால் இருட்டுவதற்குள்.
துபாய், ஒரு ராத்திரி.
லண்டன், ஒன்றரை நாள்.
டொரண்டோ, இரண்டு நாளும்
கூட ஒரு கேன் டீசலும்
(கரண்ட் போவது எந்த ஏர்லைன்ஸையும் கேட்டுக்கொண்டல்ல).

சிலி அதில் இல்லை.
செசிலி டீச்சர் செத்த அன்றுதான்
அப்படியொரு தேசத்துக்கு நம் தெருப்பிள்ளை
போயிருப்பதே எனக்குத் தெரியும்.

மூத்தவன் அமலன். சாந்தியாகோவிலிருந்து பேசினான்.
"நேர்கோட்டில் பதினைந்தாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் அண்ணே"
என்றான் அழுகைக்கு நடுவே, என்ஜினியர் பிள்ளை.
நேர்கோட்டில் யார் விடுகிறார்கள்?
சாவ் பாவ்லோ, தோஹா, சென்னை, அப்புறம் மதுரை.
டிக்கெட் கிடைக்க ஐந்து மணி நேரம்,
பறக்க இருபத்து நாலு,
நடுவில் நாற்காலிகளில் பதினேழு.
நாற்பத்தாறு என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.
டிகிரியை நாலுக்கு இறக்கினேன்.

"சின்னவன்?" என்றேன்.
சாம்பிராணியை ஊதிக்கொண்டிருந்தவர் ஊதிக்கொண்டே இருந்தார்.
இருதயராஜ் இருப்பது வில்லாபுரத்தில்.
என் ஸ்கூட்டரில் இருபது நிமிஷம்,
கீழவாசலில் மாட்டினால் அரைமணி.
"வீட்டுப் பத்திரம்" என்றாள் பிலோமி, மகள்.
"ஏழு வருஷம் ஆச்சு."
அதை எந்தப் பக்கத்தில் எழுத?

இரண்டாம் ராத்திரி, செபமாலை முடிந்து
எல்லோரும் சுருண்டபிறகு
பிலோமியின் போனில் விமானம் தெரிந்தது.
நீலத்தின் மேல் ஓர் எறும்பு.
நகரவே மாட்டேன் என்கிறது.
அவள் திரையை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.
நான் பெட்டியின் கண்ணாடியில் பூத்த வேர்வையைத்
துண்டால் துடைத்தேன்.
உள்ளே டீச்சர்
யாருக்கும் அவசரம் இல்லை என்பதுபோல.

மறுநாள் மத்தியானம் பெருங்குடிப் பக்கம் இறங்கிவிட்டான்.
அங்கிருந்து இங்கே நாற்பது நிமிஷம்.
ஐம்பது ஆயிற்று. ஒன்றேகால் மணி ஆயிற்று.
ஃபாதர் வாட்ச்சைப் பார்த்தார்.
குழி வெட்டியவர்கள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள்.
டாக்ஸிக்காரனை நான் மனசுக்குள்
சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன்.

ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் கார் வந்தது.
இறங்கியது இரண்டு பேர்.
ஒருவன் கம்பளிக் கோட்டோடு,
சித்திரை வெயிலில்.
இன்னொருவன் லுங்கியில்,
சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தது.

மூடியை நான் தொடவில்லை.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.
ஐஸ் புகை வெளியே வந்து
இருவர் முழங்கையிலும் படிந்தது.

ரசீதில் நாற்பத்தாறு மணி நேரம் என்றே போட்டேன்.
மிச்சம் எழுபது நிமிஷம் என் கரண்ட்.
டீசல் காசில் மட்டும்
இருதயராஜ் பேரம் பேசி
இருநூறு குறைத்துத்தான் கொடுத்தான்.